மெல்லப் பாடுகிறவன்

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருந்தார். எண்பதுகளில் கிள்ளான் பக்கம் கல்யாண விருந்து, பிறந்தநாள், தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று எது நடந்தாலும் அவருடைய ஐந்து பேர் குழு அங்கே இருக்கும். அவர் பாஸ் கித்தார். வீட்டில் எல்லாரும் ரேடியோ ஆறு கேட்டுக்கொண்டிருக்க, அவர் அறையில் மட்டும் ரேடியோ நான்கு ஓடும். கமடோர்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். 'பிரிக் ஹவுஸ்' பாட்டின் பாஸ் பகுதியை வாயாலேயே வாசித்துக் காட்டுவார். அவர்தான் ஒருநாள் லயனல் ரிச்சியை ஒரே வாக்கியத்தில் தள்ளிவைத்தார்.

"அவன் விலை போயிட்டான்டா. வெள்ளைக்காரன் சோபாவுல சாஞ்சிக்கிட்டுக் கேக்குற மாதிரி பாட ஆரம்பிச்சிட்டான்."

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரியவர்கள் ஆத்திரத்தோடு சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பும் வயது. பல ஆண்டுகள் அதை என் சொந்தக் கருத்தாகவே வைத்திருந்தேன். 'ஹலோ' பாட்டு எங்கேயாவது ஒலித்தால் உதட்டைச் சுழிப்பேன். உள்ளுக்குள் பாட்டு பிடித்திருக்கும், அது வேற கதை.

இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு பாடகன் தன் பாட்டின் தன்மையை மாற்றிக்கொள்வது துரோகமா? துரோகம் என்றால் யாருக்கு?

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று ஒரு சிற்றூர். புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கல்விக்கூடம் இருக்கும் ஊர். லயனல் ரிச்சி 1949இல் அங்கே பிறந்தார். கமடோர்ஸ் உருவானதும் அந்தக் கல்விக்கூடத்து மாணவர்களால்தான், 1968இல். குழுவின் பெயரே அகராதியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துப் பிடித்தது என்பார்கள். ரிச்சி அதில் சாக்ஸஃபோன் வாசிப்பவர், பாடுகிறவர்களில் ஒருவர். 1972இல் மோட்டவுன் நிறுவனத்தோடு ஒப்பந்தம், ஜாக்சன் ஃபைவ் குழுவின் மேடைகளில் முன்வரிசை நிகழ்ச்சி, 1974இல் 'மெஷின் கன்' என்ற முதல் இசைத்தட்டு. தலைப்புப் பாட்டில் பாடகரே கிடையாது, மில்டன்... இல்லை, மிலன் வில்லியம்ஸ் என்ற கீபோர்டுக்காரர் எழுதிய வாத்திய இசை. ஆட வைக்கும் கூட்டம் அது. எங்கள் அண்ணன் காதலித்தது இந்தக் கமடோர்ஸை. 'பிரிக் ஹவுஸ்' வந்தது 1977இல். அதைப் பாடியவர் ரிச்சி இல்லை, ட்ரம்ஸ் வாசித்த வால்ட்டர் ஆரஞ்ச். இதை அண்ணனிடம் பிற்பாடு சொன்னபோது நம்ப மறுத்தார்.

அதே 1977இல் 'ஈஸி' வருகிறது. அடுத்த ஆண்டு 'த்ரீ டைம்ஸ் எ லேடி'. ஒரு ஃபங்க் குழு முதன்முதலாக அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்டது ஒரு வால்ட்ஸ் தாளப் பாட்டினால்! மூன்று மூன்றாக எண்ணும் பழைய ஐரோப்பிய நடனத் தாளம். 1980இல் கெனி ரோஜர்ஸ் என்ற கண்ட்ரி பாடகருக்கு ரிச்சி எழுதிக்கொடுத்த 'லேடி' ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. 1981இல் டயானா ராஸுடன் பாடிய 'எண்ட்லஸ் லவ்' ஒன்பது வாரம். 1982இல் தனி இசைத்தட்டு. 1983இல் 'கான்ட் ஸ்லோ டவுன்', அதற்கு ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நிறைவு விழா மேடை. அதற்குள் கமடோர்ஸ் அவருடைய பழைய குழு ஆகிவிட்டது.

துரோகம் என்ற சொல்லுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. முன்பே ஒரு வாக்கு இருந்திருக்க வேண்டும். வாக்கு இல்லாத இடத்தில் ஏமாற்றம் இருக்கலாம், துரோகம் இருக்காது. ஒரு இசைத்தட்டை விற்கும்போது பாடகன் என்ன வாக்குக் கொடுக்கிறான்? இந்தத் தட்டில் இந்தப் பாட்டு இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. "நான் சாகும்வரை இப்படியேதான் பாடுவேன்" என்று எந்த உறையிலும் அச்சடித்திருக்காது. நாமாகத்தான் அதை அங்கே படிக்கிறோம்.

சரி, ரசிகன் ஏமாந்தான் என்றே வைத்துக்கொள்வோம். எந்த ரசிகன்? 'விலை போயிட்டான்' என்ற குற்றச்சாட்டின் அடியில், அவன் தன் மக்களை விட்டுவிட்டு வெள்ளைக்காரர்களைத் தேடிப் போனான் என்பது இருக்கிறது. ஆனால் 1984இல் 'ஹலோ' பில்போர்டின் மூன்று பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. பொதுப் பட்டியல், 'அடல்ட் கண்டெம்பரரி' பட்டியல், அப்போது 'பிளாக் சிங்கிள்ஸ்' என்று அழைக்கப்பட்ட பட்டியல். 'த்ரீ டைம்ஸ் எ லேடி'யும் கறுப்பின மக்களின் பட்டியலில் முதலிடம்தான். விட்டுவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் மக்கள் அந்தப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். துரோகத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்தப் பட்டியல்களின் பெயர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1949 வரை பில்போர்ட் கறுப்பின இசைக்கு வைத்திருந்த பெயர் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. இனத் தட்டுகள்! பிறகு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. 1969இல் 'சோல்'. 1982இல் 'பிளாக்'. இன்னொரு பக்கம் 1961இல் 'ஈஸி லிஸனிங்' என்று தொடங்கிய பட்டியல் 1979இல் 'அடல்ட் கண்டெம்பரரி' ஆகிறது. வயது வந்தோரின் சமகாலம். ஒரு பட்டியலுக்கு நிறத்தால் பெயர், இன்னொன்றுக்கு வயதால் பெயர். கறுப்பின மக்களில் வயது வந்தவர்களே இல்லையா? இருந்தார்கள், ஆனால் அந்த 'வயது வந்தோர்' யார் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆக, அண்ணன் சொன்ன சோபா கற்பனை இல்லை. அது அந்தப் பட்டியலின் நடுக்கூடத்தில் போட்டுத்தான் இருந்தது.

இங்கே இன்னொரு பழைய கதையும் உண்டு. 'சோல்' என்று நாம் சொல்லும் இசையே தொடக்கத்தில் ஒரு துரோகமாகத்தான் பார்க்கப்பட்டது. சாம் குக் தேவாலயப் பாடல் குழுவான 'சோல் ஸ்டிரர்ஸ்'இல் பாடிக்கொண்டிருந்தவர். காதல் பாட்டுப் பாடினால் பக்தர்கள் கோபிப்பார்கள் என்பதால் தன் முதல் காதல் பாட்டை 'டேல் குக்' என்ற பெயரில் வெளியிட்டார். குரலை எப்படி மறைப்பது? மாட்டிக்கொண்டார். 1957இல் 'யூ செண்ட் மீ' முதலிடம் வந்தபோது அவரும் ஒருவகையில் விலை போனவர்தான். ரே சார்ல்ஸ் 1954இல் கோஸ்பல் மெட்டைப் பெண்ணைப் பற்றிய பாட்டாக்கியபோதும் இதே பேச்சு. ஆண்டவனிடமிருந்து பெண்ணிடம் போனது அந்தத் தலைமுறையின் துரோகம், நடன மேடையிலிருந்து சோபாவுக்குப் போனது அடுத்த தலைமுறையின் துரோகம். எது 'அசல்' என்பது, நாம் எந்த வயதில் கேட்கத் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

அரீதா ஃபிராங்க்ளின் இதே பாதையில் எதிர்த்திசையில் வந்தவர். 1960இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் வயலின் கூட்டத்தோடு மென்மையான பாட்டுகளைப் பாடினார். அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறி 1967க்குப் பிறகுதான் நாம் அறிந்த அரீதா. அவர் பேலடுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று ஒருவரும் கண்ணீர் விடவில்லை. போகும் திசையைப் பார்த்துத்தான் குற்றம் எழுதப்படுகிறது.

டஸ்கீகிக்குத் திரும்புவோம். என் மனம் அங்கேதான் இடறுகிறது.

அந்த ஊரும் அதைச் சுற்றிய மாவட்டமும் சாதாரண இடமல்ல. 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. மேகநோய் கண்டவர்களுக்கு நோயைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படிக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1966 ஜனவரியில் டஸ்கீகி மாணவர் சாமி யங், ஒரு பெட்ரோல் நிலையத்தில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிச்சிக்கு அப்போது பதினாறு வயது. அதே ஊர்க்காரன்.

அந்த ஊரிலிருந்து வந்த ஒருவன், உலகமே கேட்கும் இடம் கிடைத்தபோது, 'நான் உன்னைத் தேடுகிறேன்' என்ற அளவிலேயே பாடினான். இதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது அல்லவா? எனக்கு இருந்தது. பிறகு அந்தச் சங்கடத்தையே சந்தேகப்பட்டேன். பாரி மேனிலோவிடம் யாரும் "உன் ஊரில் நடந்ததை ஏன் பாடவில்லை?" என்று கேட்பதில்லை. அவர் காதலைப் பாடினால் அது காதல் பாட்டு. ரிச்சி பாடினால் அது மௌனம். அடிபட்டவன் தழும்பைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், மறைத்தால் ஏமாற்றுக்காரன் என்பது என்ன நியாயம்?

நம்ம ஊரில் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். மலேசியத் தமிழன் கதை எழுதினால் அதில் தோட்டம் இருக்க வேண்டும், லயன் இருக்க வேண்டும், பால்வாளி இருக்க வேண்டும். நான் தாமானில் வளர்ந்தவன். பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவனும் மனைவியும் பேசாமல் இருப்பதைப் பற்றி ஒருமுறை கதை எழுதினேன். வாசித்த நண்பர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல நம்ம மக்கள் எங்கேப்பா?" என்றார். அந்தக் கணவனும் மனைவியும் யார் மக்கள் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

1989இல் அமெரிக்காவின் 'சோல் டிரெய்ன்' விருது விழாவில் விட்னி ஹூஸ்டன் பெயர் வாசிக்கப்பட்டபோது அரங்கில் கூச்சலிட்டு அவமதித்தார்கள். நியூவர்க் நகரத்து தேவாலயப் பாடல் குழுவில் வளர்ந்த பெண், கோஸ்பல் பாடகி சிசி ஹூஸ்டனின் மகள். அவரிடம் கறுப்புத்தன்மை போதவில்லையாம். ஒருவருடைய பிறப்பை அவருடைய பாட்டின் தாளத்தை வைத்து அளக்கும் கூட்டத்தின் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை, அவர்கள் கோபத்தின் காரணம் புரிந்தாலும்.

காரணம் புரிகிறது என்று சும்மா சொல்லவில்லை. நெல்சன் ஜார்ஜ் 1988இல் 'தி டெத் ஆஃப் ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய வாதம் எங்கள் அண்ணனுடையதைவிட வலுவானது, ஏனென்றால் அவர் நடத்தையைப் பேசாமல் பொருளாதாரத்தைப் பேசுகிறார். கறுப்பின மக்களின் இசையைச் சுற்றி அவர்களே நடத்திய வானொலிகள், தட்டுக் கடைகள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் என்று ஓர் உலகம் இருந்தது. பெரிய நிறுவனங்கள் நுழைந்து, 'எல்லாருக்குமான' பாட்டுதான் வெற்றி என்று ஆக்கியபோது அந்த உலகம் கரைந்தது. பாடகன் மேலே போனான், கடைக்காரன் கடையை மூடினான்.

இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. ஒருவன் தவறே செய்யாமலும் அவனால் இன்னொருவனுக்கு இழப்பு வரும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல மாணவன் பட்டணத்துப் பள்ளிக்கு மாறினால் தமிழ்ப்பள்ளியில் ஒரு எண்ணிக்கை குறைகிறது. அந்தப் பையனைக் குற்றவாளி என்று சொல்வோமா? மாட்டோம். குறைந்தது குறைந்ததுதானே என்றால், ஆமாம், குறைந்ததுதான்.

எனக்கு உண்மையான தொந்தரவு இன்னொன்று. மென்மையாகப் பாடியது ரிச்சியின் சொந்த விருப்பமா, அல்லது கதவு அந்தக் குரலுக்கு மட்டும்தான் திறந்தது என்பதால் வந்த விருப்பமா? எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியை நமக்குத் தெரியும். அதன் மறுபக்கமும் உண்டு. எட்டுகிற பழத்தைத் தின்றுவிட்டு, "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இதுதான் பிடிக்கும்" என்று சொல்கிற நரி. அது பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பிடித்துப்போயிருக்கும். பரிசு கிடைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் எது என் ருசி, எது எனக்குப் பழக்கப்பட்ட ருசி என்று அந்த ஆளுக்கே தெரியாமல் போகலாம்.

ரிச்சி விஷயத்தில் அவர் பக்கம் கொஞ்சம் சாட்சி இருக்கிறது. கல்விக்கூட வளாகத்தில் வளர்ந்தவர், வீட்டில் பாட்டி செவ்வியல் பியானோ கற்றுக்கொடுப்பவர். அலபாமாவில் கண்ட்ரி இசையைக் கேட்காமல் ஒரு பிள்ளை வளர முடியாது. 'ஸ்வீட் லவ்' என்ற மென்மையான பாட்டு 1975லேயே வந்துவிட்டது. 'த்ரீ டைம்ஸ் எ லேடி'கூட, தன் பெற்றோரின் திருமண நாளில் அப்பா அம்மாவைப் புகழ்ந்து பேசியதிலிருந்து பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவருக்கு ஃபங்க்தான் வெளியிலிருந்து வந்த உடுப்பு, பேலட் வீட்டு உடுப்பு என்றுகூடச் சொல்லலாம். நாம் அவருடைய வேலைநேர உடுப்பை உடம்பின் தோல் என்று நினைத்துவிட்டோம்.

ஆனால் முழுசா விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. மென்மையைக் குறை சொல்ல மாட்டேன். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' 1971இல் வந்தது. அதில் வயலின் இருக்கிறது, குரல் கெஞ்சுகிறது, கத்தல் எங்கும் இல்லை. ஆனாலும் அந்தத் தட்டில் போர் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, தெரு இருக்கிறது. மெல்லப் பாடிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லலாம் என்பதற்கு அது போதும். எண்பதுகளின் அடல்ட் கண்டெம்பரரிப் பாட்டில் எனக்கு மூச்சு முட்டுவது அங்கே ஆள் குறைந்துவிட்டதால். 'நான்', 'நீ' இரண்டே பேர். பின்னால் பதில் குரல் கொடுக்கும் கூட்டம் இல்லை, பக்கத்து வீடு இல்லை. பல் மருத்துவர் அறையிலும் மின்தூக்கியிலும் யாரும் அலையை மாற்றிவிடக் கூடாது என்ற கவனம் அந்த இசையின் எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பது பாவமில்லை. ஆனால் அதையே தொழிலாக்கினால் குரலுக்கு ஏதோ ஆகிறது. 'கான்ட் ஸ்லோ டவுன்' முழுவதையும் போன வாரம் இருமுறை கேட்டேன். அழகாகத்தான் இருக்கிறது. தூசியே இல்லாத வீடு மாதிரி.

பின்னால் விடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ரிச்சி இல்லாத கமடோர்ஸ் 1985இல் பெரிய வெற்றி கண்டது 'நைட்ஷிஃப்ட்' பாட்டினால். இறந்துபோன மார்வின் கேயையும் ஜாக்கி வில்சனையும் நினைவுகூரும் பாட்டு. கிராமி விருதும் கிடைத்தது. 'பிரிக் ஹவுஸ்' பாடிய அதே வால்ட்டர் ஆரஞ்ச்தான் முன்குரல்களில் ஒன்று. பாட்டோ பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். தங்கிவிட்டவர்களும் மெல்லத்தான் பாடினார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. இறந்தவர்களை நினைத்துப் பாடியதால் இருக்கலாம்.

அண்ணன் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. ரிச்சியை விலை போனவன் என்று சொன்ன மூன்று ஆண்டுகளில் அவருக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் வாரம் ஐந்து இரவு பாடும் வேலை கிடைத்தது. பாஸ் கித்தாரை விற்றுவிட்டார். அங்கே பியானோ வாசிக்க ஓர் ஆள், பாட இவர். கறுப்பு வெய்ஸ்ட்கோட். ஒரு இரவில் 'ஹலோ'வை மூன்று முறையாவது கேட்பார்களாம். பாடினார். பதினோரு ஆண்டு பாடினார். பிள்ளைகள் படித்தது அந்தக் காசில்தான்.

அவருடைய குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் இப்போது பந்திங்கில் இருக்கிறார். இருவரும் பேசி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஹோட்டலில் பாடியதற்காக அவர் கோபப்படவில்லை என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலப்பா" என்றார் என்னிடம். ஒரு கல்யாண நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்கியிருந்தார்கள். அண்ணன் வரவில்லை. மற்ற நான்கு பேரும் மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதைக் கேட்டபோது, நான் இவ்வளவு நாள் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேனோ என்று பட்டது. இசையில் வாக்கு இல்லை என்று மேலே எழுதினேன். கூட வாசிக்கிறவனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. இத்தனை மணிக்கு வருவேன், இந்த இடத்தில் நீ நிறுத்து, நான் பிடித்துக்கொள்கிறேன் என்ற வாக்கு. அது உடையும்போது தாளம் ஃபங்கா வால்ட்ஸா என்பதில் ஒன்றுமில்லை.

போன மாதம் அண்ணனைக் கண் பரிசோதனைக்கு என் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் பசியாறினோம். திரும்பி வரும்போது ரேடியோவில் 'ஈஸி' வந்தது. அலையை மாற்றக் கை நீட்டினேன், பழக்கதோஷம்.

"விடு, விடு" என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தோம். பிறகு, "எனக்கு அப்பவே 'ஹலோ' பாட்டு புடிக்கும்டா. அதான் எரிச்சல்" என்றார். நடுவில் கித்தார் தனியாக எழும் இடம் வந்தது. ஒலியைக் கூட்டச் சொன்னார்.

"பாரு, இந்த எடத்துல அவன் பாடல. கித்தார்காரனுக்கு விட்டுட்டான்."